வேலை கிடைத்தது, ஆனால் எந்த வேலை? ஒன்ராறியோவில் புதிதாக வருவோருக்கான வேலைவாய்ப்புச் சேவைகள்

கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வேலை தேட உதவும் இலவசச் சேவைகள் ஒன்ராறியோவில், குறிப்பாக ரொறன்ரோவையும் அதைச் சூழ்ந்த நகரங்களையும் சேர்ந்த பகுதியில், ஏராளமாக இயங்குகின்றன. ஸ்காபரோவின் பெரிய சந்திகளில் இறங்கி நடந்தால் அவற்றுள் ஒன்றின் பெயர்ப்பலகையாவது கண்ணில் படாமல் போகாது. ஆயினும் இவற்றுள் எதற்குப் போகலாம், எதற்காகக் காத்திருக்கலாம், எதில் நாட்களை இழக்க வேண்டியதில்லை என்பது குறித்துத் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் அந்தச் சேவைகள் தம்மைப் பற்றித் தாமே அச்சிட்டுக் கொடுக்கும் துண்டுப்பிரசுரங்களாகவே இருக்கின்றன. உறவினர்களுடனும் நண்பர்களுடனும் பல நிலையங்களில் போய் அமர்ந்திருந்து கண்டவற்றையும், இத்தகைய திட்டங்களைப் பல நாடுகளில் முறைப்படி ஆராய்ந்தவர்கள் வெளியிட்ட முடிவுகளையும் சேர்த்து இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடலாம்: விண்ணப்பத்தை அழகாக்கிக் கொடுப்பதோடு நின்றுவிடும் சேவையால் பெரிய பயன் இல்லை; வேலை கொடுப்பவரையோ அதே தொழிலில் இருப்பவரையோ உங்கள் எதிரில் கொண்டுவந்து உட்காரவைக்கும் திட்டமும், உங்கள் தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தைக் கற்றுத்தரும் வகுப்பும் காத்திருந்தாவது சேரத்தக்கவை.

முதலில் யார் எதை நடத்துகிறார்கள் என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். மத்திய குடிவரவு அமைச்சின் பணத்தில் நடப்பவை ஒரு வகை. லிங்க் என்று எல்லோரும் அழைக்கும் ஆங்கில வகுப்புகள் 1992 முதல் நடைபெறுகின்றன. அவற்றுடன் குடியேற்ற ஆலோசனையும் தொழில்சார்ந்த சில திட்டங்களும் இதில் அடங்கும். இவை நிரந்தர வதிவுரிமை பெற்றவர்களுக்கும் அகதிகளாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்களுக்கும் உரியவை. 'எம்ப்ளாய்மென்ட் ஒன்ராறியோ' என்ற பெயரில் மாகாண அரசு நடத்துவது இரண்டாவது வகை. வேலை தேடும் பொதுமக்கள் அனைவருக்குமாக அமைக்கப்பட்ட இதைப் புதிதாக வந்தவர்களும் பயன்படுத்தலாம். மூன்றாவதாக, இவ்விரு அரசுகளிடமிருந்தும் கொடையாளர்களிடமிருந்தும் பணம் பெற்று இயங்கும் இலாபநோக்கற்ற அமைப்புகள் உள்ளன. 1947இல் தொடங்கிய ஜே.வி.எஸ்., 1986இல் தொடங்கிய அக்செஸ் எம்ப்ளாய்மென்ட் போன்றவை இவற்றுள் பழையவை. வாசலில் தொங்கும் பலகை ஒன்றாயிருந்தாலும் உள்ளே ஒவ்வொரு மேசையும் வெவ்வேறு பணத்தில் இயங்குவது வழக்கம். அதனால்தான் ஒரே கட்டடத்தில் ஒருவருக்குக் கிடைத்த உதவி அவருடைய தம்பிக்குக் கிடைக்காமல் போகிறது. ஆலோசகரின் விருப்பு வெறுப்பை இதற்குக் காரணமாகச் சொல்வது பெரும்பாலும் தவறு.

இந்தச் சேவைகள் தம்மைப் பற்றிச் சொல்லும் எண்ணிக்கைகளிலிருந்துதான் மதிப்பீட்டைத் தொடங்க வேண்டியிருக்கிறது. 'எங்களிடம் வந்தவர்களில் இத்தனை சதவீதத்தினருக்கு வேலை கிடைத்தது' என்ற வாக்கியம் ஏறக்குறைய எல்லாப் பிரசுரங்களிலும் இடம்பெறுகிறது. அதைப் படிக்கும்போது மூன்று கேள்விகள் எழ வேண்டும். எந்த வேலை? எத்தனை மணி நேர வேலை? இந்தத் திட்டத்துக்கே வராமலிருந்தால் அவர்களில் எத்தனை பேருக்கு அந்த வேலை கிடைத்திருக்கும்? மூன்றாவது கேள்விதான் ஆராய்ச்சியாளர்களை அலைக்கழிப்பது. காலையில் எழுந்து இரண்டு பஸ் மாறி வகுப்புக்கு வந்து, கொடுத்த வீட்டுப்பாடத்தைச் செய்து முடிக்கும் ஒருவர், அந்த வகுப்பே இல்லாவிட்டாலும் விரைவில் வேலை தேடிக்கொள்ளக்கூடியவராக இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். அவருடைய வெற்றியை நிலையம் தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது. நுழைவிலேயே ஆங்கிலத் தேர்வு வைத்து நன்றாகப் பேசுபவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் திட்டங்களின் சதவீதம் எப்போதும் உயர்ந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சதவீதம் உயர்ந்த இடமே சிறந்த இடம் என்று நம்பிப் போவது பிழையாகிவிடும்.

மாகாண அரசின் சேவையில் இந்தக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. 2019இல் அறிவிக்கப்பட்ட மாற்றத்தின்படி, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பு நிறுவனத்தை நியமித்து, அதனூடாகவே நிலையங்களுக்குப் பணம் வழங்கும் முறை வந்தது. முதலில் பீல், ஹமில்ரன்–நயாகரா, மஸ்கோகா–கவார்த்தா ஆகிய மூன்று பகுதிகளில் பரீட்சித்துப் பார்த்த பின்னர், ரொறன்ரோ உட்பட ஏனைய பகுதிகளுக்கும் அது விரிவுபடுத்தப்பட்டது. இதில் பணத்தின் ஒரு பகுதி விளைவைப் பொறுத்தே கிடைக்கிறது. வேலைக்குச் சென்றவர் முதல் மாதத்திலும், மூன்றாம், ஆறாம், பன்னிரண்டாம் மாதங்களிலும் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்கிறார்கள். வாரத்துக்கு 20 மணி நேரம் என்பது அங்கே முக்கியமான எல்லைக்கோடு. வேலை கிடைப்பதில் உள்ள சிரமத்தைப் பொறுத்து வருபவர்களை ஏ, பி, சி என்று மூன்று நிரைகளாகவும் பிரிக்கிறார்கள்.

ஓராண்டு வரை பின்தொடர்வது நல்ல ஏற்பாடு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பெல்லாம் முதல் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் கோப்பை மூடிவிடுவார்கள். ஆனால் மணி நேரத்தை எண்ணும் அளவுகோல் தொழிலைப் பார்ப்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் கணக்காய்வாளராக இருந்தவர் பிறாம்ரனில் ஒரு களஞ்சியத்தில் இரவு நேரத்தில் பெட்டி அடுக்கினாலும் அது வெற்றிதான். அதே மனிதர் ஆறு மாதம் காத்திருந்து ஒரு சிறிய கணக்கியல் அலுவலகத்தில் நுழைந்தாலும் அதுவும் வெற்றிதான். நிலையத்தின் பார்வையில் முன்னது விரைவாகவும் செலவின்றியும் முடிந்துவிடுகிறது. ஆலோசகர்கள் ஏன் எடுத்த எடுப்பிலேயே பொதுத் தொழிலாளர் வேலைகளை நீட்டுகிறார்கள் என்று நம்மவர்கள் குறைப்படுவதுண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. என்றாலும் அதைச் சரிசெய்ய வேண்டிய இடம், எதிரே அமர்ந்திருக்கும் மேசையைவிடப் பணம் கொடுப்பவர் வகுத்த அளவுகோலில்தான் இருக்கிறது.

முதல் நேர்காணல் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அண்மையில் வந்த ஓர் உறவினர், மின்சாரத் தொழிலில் நீண்ட அனுபவமுள்ளவர், ஒரு நிலையத்தில் பதிவு செய்தபோது உடன் இருந்தேன். ஆலோசகர் பண்பாகவே நடந்துகொண்டார். திரையில் இருந்த படிவத்தை மேலிருந்து கீழாகக் கேட்டுக்கொண்டே போனார்: சமூகக் காப்புறுதி இலக்கம், வந்த தேதி, வதிவுரிமை நிலை, கடைசியாக வேலை செய்த மாதம், கல்வி நிலை, வீட்டில் பேசும் மொழி, வாகனம் உண்டா. 'என்ன வேலை செய்தீர்கள்' என்ற கேள்வி வந்தபோது, 'எலக்ரீசியன்' என்ற ஒரு சொல்லுக்குத்தான் கட்டத்தில் இடம் இருந்தது. கட்டட வயரிங்கா, தொழிற்சாலை இயந்திரங்களா, எந்த மின்னழுத்தத்தில் பழக்கம், வரைபடம் வாசிப்பாரா என்று ஒன்றும் கேட்கப்படவில்லை. ஒன்ராறியோவில் கட்டட மின்சாரத் தொழில், உரிமம் இல்லாமல் செய்ய முடியாத கட்டாயத் தொழில்களுள் ஒன்று என்பதும், 2022 முதல் அதற்கான அனுமதிகளை 'ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோ' என்ற அமைப்பு வழங்குகிறது என்பதும், வெளிநாட்டு அனுபவத்தைச் சான்றுகளுடன் காட்டினால் பயிலுநராகத் தொடங்காமல் நேரே உரிமத் தேர்வு எழுத அனுமதி கோரலாம் என்பதும் அந்த உரையாடலில் வரவே இல்லை. அவரிடம் இருக்க வேண்டியவை பழைய முதலாளிகளிடமிருந்து எந்தெந்த வேலையை எத்தனை மணி நேரம் செய்தார் என்பதை விவரிக்கும் கடிதங்கள். ஊரில் இருந்தபோதே எடுத்திருந்தால் எளிதாக முடிந்திருக்கும் காரியம் அது. அதை அந்த நிலையத்தில் யாரும் சொல்லவில்லை, வேறோரிடத்தில் கட்டடத் தொழில்களுக்கென்றே இருந்த ஆலோசகர் ஒருவர்தான் சொன்னார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட நடைமுறை விதி: சேருவதற்கு முன், உங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் கடைசியாக எப்போது இங்கே வந்தார்கள், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள் என்று ஆலோசகரிடம் நேராகக் கேளுங்கள். பெயர்களை அவர் சொல்லக் கூடாது, சொல்லவும் மாட்டார். ஆனால் அந்தத் தொழிலின் பாதை தெரிந்தவரா இல்லையா என்பது முதல் இரண்டு வாக்கியங்களிலேயே வெளிப்பட்டுவிடும். தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, தெரிந்த இடத்துக்கு அனுப்பிவைப்பவர் நல்ல ஆலோசகர்.

ரெசுமே வகுப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் எல்லா நிலையங்களிலும் தாராளமாகக் கிடைப்பது அதுதான். முதல் வகுப்பு அவசியம் என்பதில் ஐயமில்லை. ஊரிலிருந்து கொண்டுவரும் சுயவிவரக்கோவையில் பிறந்த தேதி, மதம், திருமண நிலை, அடையாள அட்டை இலக்கம், கடவுச்சீட்டு அளவுப் புகைப்படம், சாதாரண தரப் பரீட்சையில் பாடவாரியாகப் பெற்ற சித்திகள், உறவினரல்லாத இருவரின் பெயரும் முகவரியும், இறுதியில் 'மேற்கூறியவை யாவும் உண்மை' என்ற உறுதிமொழியும் கையொப்பமும் எல்லாம் இருக்கும். ஒரு பயிற்சியாளர் சிவப்புப் பேனாவால் இவற்றை ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே வந்து, முதல் பக்கத்தில் எஞ்சிய மூன்று வரிகளைச் சுட்டிக்காட்டி, 'இதிலே நீங்கள் செய்த வேலை எங்கே?' என்று கேட்டதைப் பார்த்திருக்கிறேன். வெட்டப்பட்டவருக்கு முகம் வாடியது, ஆனால் கேள்வி சரியானது. 'கணக்குகளுக்குப் பொறுப்பாக இருந்தேன்' என்பதற்குப் பதிலாக, எத்தனை கிளைகளின் கணக்கை, எந்த மென்பொருளில், மாதத்தின் எத்தனையாம் நாளுக்குள் முடித்துக்கொடுத்தேன் என்று எழுத அவர் அன்று கற்றுக்கொண்டார்.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது வகுப்புகளில்தான் எனக்கு மாறுபட்ட கருத்து உண்டு. ரொறன்ரோப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் பிலிப் ஒரியோபவுலோஸ், இந்த நகரத்து வேலை விளம்பரங்களுக்கே சுமார் 13,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த ஆய்வு 2011இல் வெளியானது. கனடாவிலேயே படித்து, கனடாவிலேயே வேலை செய்தவர்களாகக் காட்டப்பட்ட விண்ணப்பங்களில் பெயரை மட்டும் மாற்றியபோது, ஆங்கிலப் பெயர்களுக்கு 16 சதவீதம் அழைப்பு வந்தது. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பெயர்களுக்கு 11 சதவீதம்தான் வந்தது. அனுபவம் வெளிநாட்டு நிறுவனங்களில் பெற்றதாக இருந்தால் நிலைமை இன்னும் மோசமானது. விண்ணப்பத்தின் அமைப்பும் மொழியும் ஒரே தரத்தில் இருந்தும் இந்த வேறுபாடு நிலைத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். அப்படியிருக்க, எழுத்துருவையும் வினைச்சொற்களையும் திரும்பத் திரும்பத் திருத்தி இணையத்தில் நூற்றுக்கணக்கில் அனுப்பச் சொல்வது, தடை எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்காமல் விடுவதாகும். வேலை தேடுபவரிடம்தான் குறை இருக்கிறது என்ற எண்ணத்தையும் அது அவருக்குள் விதைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் பதிலே வராதவர்கள் தம் ஆங்கிலத்தையும் தம் பட்டத்தையும் தாமே குறைத்து மதிக்கத் தொடங்குவதை நம்மில் பலர் அருகிருந்து கண்டிருப்போம்.

பின்லாந்தில் கிடைத்த சான்று இதைவிட நேரடியானது. அங்கே 1999இல், புதிதாக வந்து வேலையின்றி இருந்தவர்களுக்கு ஆளுக்கு ஆள் தனித்தனியாக ஒருங்கிணைப்புத் திட்டம் வகுக்கும் முறை வந்தது. 1997 மே மாதத்தின் தொடக்கத்துக்குப் பின்னர் மக்கள் பதிவேட்டில் சேர்ந்தவர்களுக்கே அது கட்டாயமாக்கப்பட்டதால், சற்று முன்னர் வந்தவர்களையும் சற்றுப் பின்னர் வந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வாளர்களுக்கு வழி பிறந்தது. சார்விமாக்கியும் ஹாமலைனனும் பத்தாண்டு விவரங்களை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, புதிய முறைக்கு உட்பட்டவர்களின் மொத்த வருமானம் 47 சதவீதம் கூடியது. அவர்கள் பெற்ற அரச உதவிக் கொடுப்பனவுகள் 13 சதவீதம் குறைந்தன. பயிற்சியின் அளவு கூடியதால் வந்த பயன் அன்று இது. மொத்தப் பயிற்சி நேரம் ஏறக்குறைய அப்படியே இருக்க, வேலை தேடுவது எப்படி என்று பொதுப்படையாகச் சொல்லித்தரும் வகுப்புகளின் இடத்தை மொழி வகுப்புகளும், வந்தவர்களுக்கென்றே அமைத்த பயிற்சிகளும் எடுத்துக்கொண்டன. நம்முடைய நிலையங்களின் மாத அட்டவணையைச் சுவரில் பார்க்கும்போதெல்லாம், பின்லாந்து கைவிட்ட வகுப்புகளே அதில் பெரும் பகுதியை நிரப்பியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

இனி நல்லவற்றைச் சொல்கிறேன், அவை குறைவல்ல. என் பார்வையில் முதலிடம் வழிகாட்டித் திட்டங்களுக்கு. புதிதாக வந்த ஒரு தொழில்வல்லுநரை, அதே துறையில் இங்கே வேலை செய்யும் ஒருவருடன் இணைத்துச் சில மாதங்கள் சந்திக்கவைக்கும் முறையை ட்ரையெக் என்ற ரொறன்ரோ வட்டார அமைப்பு 2004இல் தொடங்கிப் பெரிய அளவில் வளர்த்தெடுத்தது. அக்செஸ் போன்ற அமைப்புகள், ஒரே மாலையில் பல வல்லுநர்களிடம் சில நிமிடங்கள் வீதம் பேசிச் சுற்றிவரும் 'ஸ்பீட் மென்ரரிங்' நிகழ்வுகளையும் நடத்துகின்றன. இவற்றில் நேரடியாக வேலை கேட்கக் கூடாது என்பது எழுதப்பட்ட விதி. வேலை கிடைக்காது என்றால் எதற்குப் போவது என்று நம்மவர்கள் முதலில் தயங்குவார்கள். ஆனால் அந்த வல்லுநரிடமிருந்து கிடைப்பது வேறெங்கும் கிடைக்காத விவரங்கள்: எந்தச் சான்றிதழை முதலாளிகள் உண்மையிலேயே பார்க்கிறார்கள், எதை வெறும் அலங்காரமாக நினைக்கிறார்கள், ஊரில் நாம் வகித்த பதவிக்கு இங்கே என்ன பெயர், எந்தப் படியில் நுழைந்தால் இரண்டு ஆண்டுகளில் பழைய நிலைக்கு வரலாம் என்பன போன்றவை. விளம்பரத்துக்கு வராமலே நிரப்பப்படும் இடங்களைப் பற்றிய செய்தியும் இந்த வழியாகத்தான் காதுக்கு வரும். இத்திட்டங்களின் குறை, பங்கேற்பவருக்கு ஏற்ற வழிகாட்டி கிடைக்கும்வரை காத்திருக்க நேர்வதும், தகவல் தொழில்நுட்பம், நிதி, பொறியியல் போன்ற துறைகளுக்குக் கிடைக்கும் வழிகாட்டிகள் ஆசிரியருக்கோ நூலகருக்கோ விவசாய அலுவலருக்கோ எளிதில் கிடைக்காததும் ஆகும்.

வேலை கொடுப்பவரை உள்ளே கொண்டுவரும் திட்டம் எவ்வளவு மாற்றத்தை உண்டாக்கும் என்பதற்குச் சுவீடனின் கோத்தன்பர்க் நகரம் சான்றாகிறது. பள்ளிக் கல்வி குறைந்த அகதிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தீவிர மொழிப் பயிற்சியும், அதைத் தொடர்ந்து உண்மையான பணியிடத்தில் மேற்பார்வையுடன் கூடிய வேலைப் பழக்கமும், வேலை தேட உதவியும் கொடுத்தார்கள். மற்றப் பிரிவினருக்கு வழக்கமான சேவையே கிடைத்தது. திட்டம் முடிந்து வந்த ஆண்டில் முதற் பிரிவில் சுமார் 30 சதவீதத்தினர் வேலையில் இருந்தனர், மற்றதில் சுமார் 15 சதவீதத்தினர். குலுக்கல் முறை என்பதால், ஊக்கமுள்ளவர்கள் மட்டும் சேர்ந்துவிட்டார்கள் என்ற ஐயத்துக்கு இங்கே இடமில்லை. அதே வேளையில், இவ்வளவு செலவழித்த பின்னரும் பத்தில் ஏழு பேர் வேலையின்றியே இருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தொண்ணூறு சதவீதம் என்று பிரசுரத்தில் அச்சிடும் திட்டம் யாரைச் சேர்த்துக்கொண்டு அந்த எண்ணை எட்டியது என்று கேட்பதற்கு இந்த ஒரு முடிவே போதும்.

உரிமம் வேண்டிய தொழில்களுக்கு வருவோம். பொறியியலாளர், தாதி, மருந்தாளர், ஆசிரியர் ஆகியோருக்குப் பொது நிலையங்களால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 2003 முதல் மாகாண அரசின் ஆதரவுடன் நடந்துவரும் பிரிட்ஜிங் பயிற்சிகளே இவர்களுக்கு உரிய இடம். இவற்றைப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தொழில்சார் அமைப்புகளும் நடத்துகின்றன. தேர்வுக்குத் தயார்ப்படுத்துவதோடு, இந்த மாகாணத்தின் சட்டங்களையும் வேலை நடைமுறைகளையும் கற்பித்து, சிலவற்றில் பணியிடப் பயிற்சியும் பெற்றுத் தருகிறார்கள். இவற்றுள் பலவற்றுக்குக் கட்டணம் உண்டு. உரிமத் தேர்வுகளுக்கும் சான்றிதழ் மதிப்பீட்டுக்கும் தனியாகச் செலவாகும். அதற்கெனக் குறைந்த வட்டியில் கடன் தரும் விண்ட்மில் மைக்ரோலெண்டிங் என்ற தொண்டு அமைப்பு 2005 முதல் இயங்குகிறது. கடன் அட்டையில் இந்தச் செலவுகளைப் போட்டுவிட்டு வட்டியில் திணறுபவர்கள் இதை முன்பே அறிந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று பலமுறை நினைத்ததுண்டு.

இந்தத் துறையில் சட்டமும் நகர்ந்திருக்கிறது என்பதை நிலையங்களின் பழைய கையேடுகள் இன்னும் கவனிக்கவில்லை. கனடிய அனுபவம் கேட்பது பாகுபாடாகக் கொள்ளப்படலாம் என்று ஒன்ராறியோ மனித உரிமைகள் ஆணைக்குழு 2013இலேயே கொள்கை வெளியிட்டது. பொறியியலாளர்களுக்கு உரிமம் வழங்கும் பி.இ.ஓ. அமைப்பு 2023 மே மாதத்தில் கனடிய அனுபவ நிபந்தனையை நீக்கியது. 2026 ஜனவரி 1 முதல், 25 பேரையோ அதற்கு மேற்பட்டோரையோ வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்கள் தம் பொது விளம்பரங்களில் கனடிய அனுபவம் வேண்டும் என்று எழுதவும் முடியாது. எழுதாமல் மனத்தில் வைத்துக்கொண்டு தெரிவு செய்வதை எந்தச் சட்டமும் எளிதில் பிடித்துவிடாது என்பது உண்மைதான். ஆனாலும், 'கனடிய அனுபவம் பெற முதலில் சம்பளமில்லாமல் ஓரிடத்தில் தொண்டு செய்யுங்கள்' என்று எல்லோருக்கும் ஒரே மருந்தை எழுதிக்கொடுக்கும் ஆலோசகர்கள் இந்த மாற்றங்களைப் படித்துக்கொள்வது நல்லது.

மொழி வகுப்புகளைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான கணக்கு நிலவுகிறது. 'எனக்கு ஆங்கிலம் வரும், வகுப்பு எதற்கு?' என்பது ஒரு பக்கம். 'வேலைக்குப் போனால் தானாக வந்துவிடும்' என்பது மறுபக்கம். இரண்டாவது எண்ணத்தை டென்மார்க் அரசே ஒரு கட்டத்தில் கொள்கையாக்கிப் பார்த்தது. அகதிகளை விரைவில் வேலைக்கு அனுப்புவதை முதன்மையாக்கிய அண்மைய சீர்திருத்தம், ஆண்களைச் சற்று விரைவாக வேலைக்குள் கொண்டுவந்தது. ஆனால் அவை குறைந்த சம்பளத்துக்கான, குறைந்த மணி நேர வேலைகளாகவே இருந்தன, பெண்களுக்குப் பயன் தெரியவில்லை. அதே நாட்டில் 1999இல் மொழிப் பயிற்சியை விரிவாக்கிய சீர்திருத்தமோ பல ஆண்டுகள் கழித்தும் வருமானத்தில் தெரிந்தது.

ஒன்ராறியோவில் இதற்கு ஒத்ததாக நான் பரிந்துரைப்பது, கல்லூரிகள் இலவசமாக நடத்தும் தொழில்சார் மொழிப் பயிற்சி. கனடிய மொழித்தர அளவுகோலின் பன்னிரண்டு படிகளில் ஏறத்தாழ 6 முதல் 8 வரை உள்ளவர்களுக்கு, சுகாதாரம், கட்டடத் தொழில், வணிகம், தொழில்நுட்பம் என்று துறைவாரியாக இது நடக்கிறது. இலக்கணத்தைவிடப் பணியிடப் பேச்சுக்கே இதில் இடம் அதிகம். நேர்காணலில் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்றதும், ஒரு தாதி தன் ஊர், பெற்றோர், பிள்ளைகள் என்று தொடங்கினார். பயிற்றுநர் அவரை நிறுத்தி, கடைசியாக வேலை செய்த வார்டையும் ஓர் இரவில் கவனித்த நோயாளிகளின் எண்ணிக்கையையும் முதல் வாக்கியத்தில் சொல்லவைத்தார். மேலதிகாரியுடன் உடன்படாததை எப்படிச் சொல்வது, புரியாத கட்டளையைத் தயங்காமல் திரும்பக் கேட்பது எப்படி என்பவையும் பாடங்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட நமக்கு இவை ஆங்கிலத்தைவிடக் கடினமானவை.

தமிழ் பேசும் ஆலோசகர்கள் பல இடங்களில் இருக்கிறார்கள். வந்த புதிதில் படிவங்களுக்கும் பயத்துக்கும் அவர்களே துணை. ஆனால் ஆலோசனை முழுவதையும் தமிழிலேயே முடித்துக்கொண்டு நேர்காணலுக்குப் போனால் அங்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். நல்ல ஆலோசகர் ஒரு கட்டத்துக்குப் பிறகு வேண்டுமென்றே ஆங்கிலத்துக்கு மாறுவார். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

குழந்தைகள் உள்ள பெண்களுக்கு இந்தச் சேவைகள் பொதுவாகச் சரியாக அமையவில்லை. லிங்க் வகுப்புகள் சிலவற்றில் பிள்ளைப் பராமரிப்பு வசதி உண்டு, அது பெரிய உதவி. வேலைவாய்ப்புப் பட்டறைகளிலோ வழிகாட்டி நிகழ்வுகளிலோ அதைக் காண்பது அரிது. மாலை ஆறு மணிக்கு நகர மையத்தில் நடக்கும் நிகழ்வு யாருக்காக வகுக்கப்பட்டது என்பது நேரத்தைப் பார்த்தாலே தெரிகிறது. இணையவழி நிகழ்வுகள் வந்த பின் இந்த நிலை ஓரளவு தளர்ந்திருக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு வேலை தேடித் தருவதாகச் சொல்பவர்களை நாடவே வேண்டாம். தற்காலிக வேலை முகவர்கள் வேலை தேடுபவரிடம் கட்டணம் வாங்குவது ஒன்ராறியோவில் சட்டவிரோதம். 2024 ஜூலை 1 முதல் அவர்களும் ஆட்சேர்ப்பாளர்களும் உரிமம் பெற்றிருக்கவும் வேண்டும், அந்த உரிமத்தை மாகாண அரசின் இணையத் தளத்தில் பெயரைத் தேடிச் சரிபார்க்கலாம்.

அவசரச் செலவுக்கு முகவர் வழியாக ஒரு வேலை எடுத்துக்கொள்வதில் தவறில்லை, வாடகை யாருக்கும் காத்திருக்காது. ஆனால் அந்த வேலை இரவு நேரமாகவோ வார இறுதியாகவோ இருக்கும்படி பார்த்துக்கொண்டால் பகலில் தொழில்சார் வகுப்புக்கும் வழிகாட்டிச் சந்திப்புக்கும் இடம் கிடைக்கும். முழுநேரமாக எடுத்துவிட்டால் அவற்றுக்கு நேரம் ஒதுக்குவது கடினமாவதோடு, மாகாண நிலையத்தின் ஏட்டில் நீங்கள் வேலை பெற்றுவிட்டவராகி, அங்கே உங்களுக்கான அக்கறையும் குறைந்துவிடுவதுண்டு. மூன்றாம் மாதமோ ஆறாம் மாதமோ அவர்கள் தொலைபேசியில் அழைக்கும்போது, வேலையில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாமல், இது என் தொழில் அல்ல, என் தொழிலுக்கான உதவி இன்னும் வேண்டும் என்பதைச் சொல்லிக் கோப்பில் பதியவைக்கலாம்.

சேரும் வரிசையும் முக்கியம். நிரந்தர வதிவுரிமை உறுதியாகிப் பயணத்துக்குக் காத்திருப்பவர்களுக்கென, புறப்படுவதற்கு முன்பே இணையவழியில் கிடைக்கும் இலவசச் சேவைகள் உள்ளன. அனுபவக் கடிதங்களையும் பல்கலைக்கழகப் பெறுபேறுகளையும் திரட்ட அதுவே தகுந்த காலம். வந்த பின் மத்திய அரசின் பணத்தில் நடக்கும் மொழி, வழிகாட்டித் திட்டங்களை முதலில் பயன்படுத்த வேண்டும். கனடியக் குடியுரிமை பெற்றவர்களை அவை ஏற்பதில்லை என்பதால், குடியுரிமைச் சத்தியப்பிரமாணத்துக்கு அழைப்பு வரும் வேளையில் பாதி வகுப்பில் இருப்பவர்கள், தொடர முடியுமா என்பதைத் தம் ஆலோசகரிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. மாகாணச் சேவை அதன் பின்னரும் திறந்திருக்கும்.